ஓட்டை இல்லாத வழி

“சூடு வச்சது யாரு?”

“நான்தான்.”

“எவ்வளவு நேரமா?”

“ஒரு மணி நேரம் இருக்கும். கூடவே இருக்கும். காலையில பார்த்தப்ப ஓரம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு சிஸ்டர். மக வர்ற நேரத்துல உரிஞ்சு விழுந்துட்டா என்ன பண்றதுன்னு...”

நர்ஸ் அதற்குமேல் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தவளின் வலது தோளுக்குக் கீழே, துண்டில் சுற்றி வைத்திருந்த வெந்நீர்ப் பையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். ஈரத்துணியால் அந்த இடத்தை ஒற்றி எடுத்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குனிந்து நின்றாள். ஒரு நிமிடம் முழுக்க அறையில் யாரும் அசையவில்லை. வெந்நீர்ப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்ற கணவர், அவள் எதை எண்ணுகிறாள் என்று புரிந்ததும், தானும் வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.

“எட்டு,” என்றாள் நர்ஸ்.

அவருக்கும் எட்டுதான் வந்திருந்தது. ஒரு நிமிடத்துக்கு எட்டு மூச்சு என்பது அதிகமா குறைவா என்று அவருக்குத் தெரியாது. நர்ஸின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அவள் நோயாளியின் கன்னத்தைத் தட்டினாள். கண்ணைத் திறக்கச் சொன்னாள். கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் “ம்” என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். நர்ஸ் டாக்டருக்கு போன் போட்டாள், தாழ்ந்த குரலில் பேசினாள், பேசியபடியே கையுறை மாட்டிக்கொண்டு அங்கே ஒட்டியிருந்த வலி மருந்துப் பிளாஸ்திரியை உரித்தாள். அது லேசில் வரவில்லை. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, தோல் கிழியாமல் நூல் நூலாக இழுக்க வேண்டியிருந்தது.

“நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க,” என்றாள். பாராட்டா திட்டா என்று அவருக்குப் புரியவில்லை.

பிளாஸ்திரி இருந்த இடத்தைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது.

“இது என்ன? தேய்ச்சீங்களா?”

“துண்டால கொஞ்சம்.”

“உப்புத்தாள் எதுவும் போடலையே?”

“ஐயோ, இல்ல சிஸ்டர். துண்டுதான்.”

“ஓரம் தூக்கினா மேல டேப் ஒட்டுங்க, அது போதும்னு சொல்லியிருந்தேனே ஐயா.”

அவர் தலை குனிந்தார். அவரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “டேப் ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா சிஸ்டர்?”

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் காத்து என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷமாக அதே இடத்தில் பஞ்சர் கடை. முன்னால் கடை, நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் இந்த அறை. டியூபில் ஒட்டுப் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான ரப்பர் எதையும் தன்மேல் ஏற்றுக்கொள்ளாது. சொல்யூஷனைத் தடவிவிட்டு அது காயும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவன் போட்ட ஒட்டு ஒரு மழைக்குத் தாங்காது. கனமான டியூப் என்றால் சூடு கொடுத்து அழுத்த வேண்டும். சூட்டில் அந்த ஒட்டும் டியூபும் ஒரே உடம்பாகிவிடும். அதன்பிறகு டியூபே கிழிந்தாலும் ஒட்டு கிழியாது. டேப் ஒட்டுவது என்பது அவர் அகராதியில் ஏமாற்று வேலை. அன்று காலையில் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவர் மனசு யோசிப்பதற்குள் கை யோசித்துவிட்டது.

சூடு ஆகாது என்று முதல் நாளே நர்ஸ் சொல்லியிருந்தாள். குளிக்கிற வெந்நீரைச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“சூடு பட்டா மருந்து வேகமா உள்ள போயிடும் ஐயா. மெதுவா போக வேண்டியது மொத்தமா போயிருக்கு.” நர்ஸ் உரித்த பிளாஸ்திரியை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, பழையவை இருந்த தகர டப்பாவில் போட்டாள். “டாக்டர் என்னை இங்கேயே இருக்கச் சொல்லிட்டார். மூச்சு இன்னும் குறையுதான்னு பார்க்கணும்.”

“எழுந்துக்குவாளா?”

“எழுந்துக்கணும்.”

“மூணு மணிக்கு மக வந்துடுவா.”

நர்ஸ் மணியைப் பார்த்தாள். ஒன்பதே கால்.

*

பதின்மூன்று நாளைக்கு முன்பு இதே கட்டிலுக்குப் பக்கத்தில் இதே நர்ஸ் முதல் பிளாஸ்திரியைப் பிரித்தபோது, காத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு கண்ணாடித் தாள். அதில் பொடி எழுத்துகள்.

“ஊசி எங்க இருக்கு?”

“ஊசி கிடையாது.”

“அப்ப எது வழியா உள்ள போகும்?”

“தோல் வழியா.”

“தோல்ல ஓட்டை போடணுமா?”

“ஓட்டை வேண்டாம் ஐயா. அதுவா போகும்.”

அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். அவளும் சும்மா ஆள் இல்லை. ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தொரு வருஷம் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். அதனால் அவர் அவளை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு கையுறையிலும் காற்றடைத்து, விரல்கள் விறைத்து நிற்கும்போது திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் தூக்கி எறிய வேண்டும். ஓட்டை இல்லாவிட்டால் எதுவும் உள்ளே போகாது, வெளியே வராது என்பதுதான் அவள் உத்தியோகம். ஓட்டை இருந்தால் அடைப்பது அவர் உத்தியோகம். இரண்டு பேரும் சாப்பிட்டது ஓட்டையால்தான்.

“காத்தாரே,” என்றாள் அவள், வலிக்கு நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு. “நாம ரெண்டு பேரும் இத்தனை வருஷம் தப்புப் பாடம் படிச்சிருக்கோம்.”

அப்போது அவளை யாராலும் தொட முடியாது. நோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. போர்வையின் எடைகூடத் தாங்கவில்லை என்று, அவர் இரண்டு பழைய சைக்கிள் ரிம்மைப் பாதியாக வெட்டி வளைத்துக் கட்டிலுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன்மேல் போர்வையைப் போட்டிருந்தார். ஏதோ வண்டிக்குக் கூடாரம் போட்டது மாதிரி அதற்குள் அவள் கிடந்தாள். கம்ப்ரெஸர் ஓடினால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் கட்டில் அதிரும். அதனால் இரண்டு மாதமாக அவர் கைப்பம்பிலேயே காற்றடித்துக்கொண்டிருந்தார். மாத்திரை விழுங்கினால் வாந்தி. ஊசி போட உடம்பில் இடமில்லை.

முதல் நாள் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு நர்ஸ் போனதும் அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிற உட்காரல் அது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் அசையவில்லை. இருட்டும்வரை பார்த்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

மறுநாள் காலையில் அவர் டீ போட்டுக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் பல்லைக் கடிக்கிற சத்தம் இல்லை.

“காத்தாரே, கம்ப்ரெஸரைப் போடுங்க. அந்தச் சத்தம் இல்லாம வீடு வீடாவே இல்ல.”

அவர் சுவிட்சைப் போட்டார். தரை அதிர்ந்தது. அவள் கத்துவாள் என்று சுவிட்சிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. எட்டிப் பார்த்தபோது அவள் ரிம் ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். “இதைத் தூக்கிப் போடுங்க. நான் என்ன பழைய சைக்கிளா?” என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, “காலைப் பிடிச்சு விடுறீங்களா?” என்றாள்.

அவர் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அவள் கணுக்காலில் விரலை வைத்தபோது அது இளஞ்சூடாக இருந்தது. இரண்டு மாதமாக அவர் அந்தச் சூட்டை மறந்திருந்தார். பிறகு பாதத்தை முழுசாக உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அவர் அந்தச் சின்னக் கண்ணாடித் தாளை நிமிர்ந்து பார்த்தார். அது அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை, குமிழி இல்லை, வழியே இல்லாத இடத்தில் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க,” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

ஆனால் நோய் போகவில்லை. வலிதான் போனது. நர்ஸ் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தாள். மூன்று நாளுக்கு ஒரு தடவை வந்து பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். நேற்றுக் காலை ஐந்தாவதை ஒட்டியபோது நோயாளியின் நீலம் பாய்ந்த பாதத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அவரைக் கடைப்பக்கம் கூட்டிப்போய், மகளை வரச் சொல்லுங்கள் என்றாள். நாள்கணக்குத்தான், இனி தினமும் வந்து பார்க்கிறேன் என்றாள்.

மகள் லாரி ஓட்டுகிறவள். சிறு வயதில் பொம்மைக்குப் பதில் ஸ்பேனரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு தூங்குவாள் என்பதால் வீட்டில் அவள் பேர் ஸ்பேனர். இரண்டு மாதத்துக்கு முன்பு வந்தபோது, வழக்கம்போல் ஓடி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மா போட்ட அலறலில் கடையில் நின்றிருந்த ஆள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். அன்று முழுக்க மகள் கட்டிலிலிருந்து நாலடி தள்ளியே நின்றாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். போகும்போது வாசலிலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. ஊர் ஊராக லோடு இருக்கிறது என்று போனில் சொல்வாள். வரவிடாத லோடு எது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நேற்று அவர் போன் போட்டு வைத்ததும் மனைவி கேட்டாள். “வர்றாளா?”

“நாளைக்கு மூணு மணிக்கு.”

அவள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

“அவளை ஒரு தடவை கட்டிக்கணும்,” என்றாள். “கத்தாம.”

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் விடிந்ததிலிருந்து பிளாஸ்திரியைக் காவல் காத்தார். இரவெல்லாம் அவளுக்கு வேர்த்திருந்தது. ஆறு மணிக்கு ஒரு மூலை எழும்பியது. ஏழு மணிக்கு இன்னொன்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடக் கூடாதே என்று அவர் துண்டை எடுத்தார், வெந்நீர் போட்டார். தாழியை உடைத்ததே அவர் கைதான்.

*

நர்ஸ் மற்ற வீடுகளுக்கு போன் செய்து நேரம் தள்ளி வைத்தாள். கால் மணிக்கு ஒரு தடவை எண்ணினாள். எட்டு. எட்டு. ஒன்பது. மறுபடி எட்டு. இடையிடையே நோயாளியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காத்து கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைக்கு ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து குரல் கொடுத்தான். அவர் போகவில்லை. அவன் தானே பம்பை எடுத்துக் காற்றடித்துக்கொண்டு போனான்.

பத்தரை மணிக்கு அவர் கேட்டார். “அதைத்தான் உரிச்சாச்சே சிஸ்டர். இன்னும் ஏன் தூங்குறா?”

“உரிச்சாலும் உடனே நிக்காது ஐயா. தோலுக்கு அடியில மருந்து சேர்ந்து நிக்கும். அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்குப் போகும். அது வடியணும்.”

“சேர்ந்து நிக்குமா? குளம் மாதிரியா?”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன்.”

அவர் அந்தச் சிவந்த சதுரத்தைப் பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷம் பார்த்துப் பழகிய தோள். திருமணமான புதிதில் அதில் ஒரு மச்சம் இருந்தது, இப்போதும் இருந்தது. அதற்கு அடியில் ஒரு குளம். தன் கையால் அவர் அதில் வெள்ளம் வரவழைத்திருக்கிறார். அவள் அந்தத் தண்ணீருக்குள் எங்கேயோ மூழ்கிக் கிடக்கிறாள். வலி இல்லை, அது நிச்சயம். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இத்தனை அமைதியான முகத்தை அவர் எப்போது பார்த்தார்? பயத்திலும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க அவரால் முடியவில்லை.

“நான் கொன்னுட்டேனா சிஸ்டர்?”

நர்ஸ் நோயாளியின் பக்கம் குனிந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “நோய்தான் ஐயா கூட்டிட்டுப் போகுது. நீங்க கொஞ்சம் பிடிச்சுத் தள்ளிட்டீங்க. நாம இப்ப இழுத்து நிறுத்திப் பார்ப்போம்.”

மனைவியைக் காத்து முதல்முதலாகப் பார்த்ததும் ஒரு டியூபால்தான். தொழிற்சாலைக்குப் போகிற வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நேற்றுப் போட்ட ஒட்டு இன்றைக்கு நிற்கவில்லை என்று சண்டைக்கு நின்றாள். அவர் டியூபைத் தொட்டியில் முக்கினார். குமிழியே வரவில்லை. ஓட்டை இல்லை, காற்றடிக்கிற மவுத்தில் கசிந்திருக்கும் என்று சொன்னார். அவள் டியூபை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சுற்றினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். “இங்க,” என்றாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. “கண்ணுக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும். வச்சுப் பாருங்க,” என்றாள். வைத்துப் பார்த்தார். முடியைவிட மெல்லிசாக ஒரு குளிர்ச்சி அவர் கன்னத்தைத் தொட்டது. கடை வாசலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கப் பஞ்சர் கடைக்காரர் ஒரு பெண்ணிடம் தோற்றார். அந்தத் தோல்வியை அவள் நாற்பது வருஷம் விடாமல் சொல்லிக்காட்டினாள்.

பதினொன்றேகாலுக்குப் பத்து மூச்சு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நர்ஸ் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரைக்கு மனைவி கண்ணைத் திறந்தாள். முதலில் மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு நர்ஸை, கடைசியாகப் புருஷனை. உதடு காய்ந்திருந்தது. நர்ஸ் பஞ்சில் தண்ணீர் தொட்டு வைத்தாள். என்ன நடந்தது என்று நர்ஸ்தான் சுருக்கமாகச் சொன்னாள். காத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூடு போட்டு ஒட்டினாரா?” அவள் குரல் தேய்ந்திருந்தது. “என்னையும் லாரி டியூப்னு நெனச்சுட்டார் போல.”

நர்ஸ் சிரித்துவிட்டாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மனைவி கையை நகர்த்தி அவர் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க. நல்ல தூக்கம்,” என்றாள். “மணி என்ன?”

டாக்டரிடம் மறுபடி பேசிவிட்டு, ஒன்றரை மணிக்கு நர்ஸ் புதிய பிளாஸ்திரியை எடுத்தாள். உள்ளே சேர்ந்திருப்பது இரவுவரை தாங்கும், அது வடிவதற்குள் இது வேலையைத் தொடங்கிவிடும் என்றாள். இடது தோளுக்குக் கீழே வெறும் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, ஒட்டினாள். பிறகு விலகி நின்றுகொண்டு, “நீங்க அழுத்துங்க ஐயா. உள்ளங்கையால. அரை நிமிஷம். வேற ஒண்ணும் வேணாம்,” என்றாள்.

அவர் உள்ளங்கையை வைத்தார். தேய்க்கவில்லை. சும்மா வைத்திருந்தார். அடியில் இதயம் அடிப்பது தெரிந்தது. அரை நிமிடம் முடிந்தும் அவர் எடுக்கவில்லை, நர்ஸும் சொல்லவில்லை. அவர் கையை எடுத்த பிறகு அவள் பேனாவால் அதன்மேல் தேதியும் நேரமும் எழுதினாள்.

“இது மூணு நாளுக்கு ஐயா. ஓரம் தூக்கினா?”

“டேப்,” என்றார் அவர்.

*

மூன்று மணிக்கு லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மகள் இறங்கியதும் உள்ளே வரவில்லை. கடைத் தொட்டியில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி கழுவினாள். இரவெல்லாம் ஓட்டி வந்திருக்கிறாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு திரையை விலக்கிக்கொண்டு வந்து, அதே நாலடி தூரத்தில், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னடி ஸ்பேனர், டிராபிக் போலீஸ் பிடிச்ச மாதிரி நிக்கிற. வா.”

“வேணாம்மா. இங்கேயே இருக்கேன்.”

“வாடின்னா.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையை அசைத்தார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். நல்ல உயரமும் பருமனுமான பெண். உடம்பைச் சுருக்கிக்கொண்டு, எங்கே தொடுவது என்று தெரியாமல், போர்வையின் ஓரத்தை மட்டும் விரலால் பிடித்தாள். அம்மா கையைத் தூக்கினாள். அந்தக் கை குச்சியாக இருந்தது. அது மகளின் கழுத்துக்குப் பின்னால் போய் இழுத்தது. மகள் இழுத்த இழுப்புக்கு வந்தாள். அவள் தலை அம்மாவின் தோளில் விழுந்தது, பிறகு நெஞ்சு, பிறகு மொத்த எடையும்.

காத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கை மகளின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. மகளின் முதுகு குலுங்கியது. சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் என்று அவர் எண்ணவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் எண்ணாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

“நாத்தம் அடிக்கிற,” என்றாள் அம்மா. “டீசல்.”

“சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்.”

“இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு.” பிறகு மகளின் தலைக்கு மேலாக அவரைப் பார்த்தாள். “நீங்க என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு? போய் அவ வண்டியில காத்து இருக்கான்னு பாருங்க. அவ்வளவு தூரம் வந்திருக்கா.”

அவர் போனார். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டினார். பின்னால் இடதுபக்கம் உள்சக்கரத்தில் மட்டும் சத்தம் மந்தமாக வந்தது. ஹோஸை இழுத்துப் போட்டு, கம்ப்ரெஸரை ஓடவிட்டார். தரை அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் ஏதோ பேச்சு, அப்புறம் மகளின் சிரிப்பு, அப்புறம் மனைவியின் இருமல் கலந்த சிரிப்பு. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான். தன்னைப் பற்றித்தான் இருக்கும். அவர் மற்ற டயர்களுக்கும் தேவையில்லாமலே கொஞ்சம் காற்றடித்தார்.

அவர் உள்ளே வந்தபோது ஐந்து மணி இருக்கும். ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பட்டையாகக் கிடந்தது. மகள் தரையில் உட்கார்ந்தபடியே கட்டில் விளிம்பில் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மாவின் விரல்கள் அவள் முடிக்குள் இருந்தன. அம்மாவின் கண் பாதி மூடியிருந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு வந்தது. ஒரு நீண்ட இடைவெளி. பிறகு இன்னொரு மூச்சு. அதற்கு அவசரமே இல்லை. அவர் மகளை எழுப்பக் கை நீட்டினார். அந்த விரல்கள் முடிக்குள் இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். எழுப்பினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். வெயில் கொஞ்சம் மேலே நகர்ந்து போர்வையின் மடிப்பில் ஏறியது.

அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார். நெஞ்சைப் பார்த்தார். அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

அவர் எழுந்து குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, தன் கன்னத்தை அவள் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அப்படியே நின்றார். இடுப்பு வலித்தது. மகள் தூக்கத்தில் ஒரு தடவை பெருமூச்சு விட்டாள். அந்தக் காற்று அவர் கையில் பட்டது. கன்னத்தில் ஒன்றும் படவில்லை.

*

நர்ஸ் வந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். அழுது முகம் வீங்கியிருந்த மகள் வெளியே லாரிப் படியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருந்தாள். நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டியதைச் செய்தாள். நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் கேட்காமலே, “காலையில நடந்ததால இல்ல ஐயா,” என்றாள். “நடுவுல அவங்க எழுந்தாங்க, பேசினாங்க, சிரிச்சாங்க. நானே பார்த்தேன்.”

“மகளைக் கட்டிக்கிட்டா,” என்றார் அவர். “கத்தலை.”

நர்ஸ் தலையசைத்தாள். அவள் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்தாள். ஒன்றைப் பிரிப்பதற்காக அதன் வாயில் லேசாக ஊதினாள். ஐந்து விரலும் ஒரு கணம் உப்பி நின்றன. காத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கும் கசியவில்லை. அவள் அதைக் கையில் மாட்டிக்கொண்டு தகர டப்பாவைத் திறந்து வைத்தாள்.

“அதை எடுத்துடணும் ஐயா. எடுத்து மடிச்சு, எண்ணிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில ஒப்படைக்கணும். அதுதான் முறை.”

அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். இடது தோளுக்குக் கீழே அது அப்படியே இருந்தது. நாலு மூலையும் படிந்து, ஒரு விளிம்புகூட எழும்பாமல், நர்ஸின் கையெழுத்தில் அன்றைய தேதியும் ஒன்றரை மணியும். இத்தனை நன்றாக எந்த ஒட்டும் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். அழுத்தவில்லை.

“இன்னிக்குத்தானே ஒட்டினோம்,” என்றார். “மூணு நாளுக்குன்னு சொன்னீங்க. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே, சிஸ்டர்?”